ஒன்பதாயிரம் அடியில் இரண்டாம் பந்தி

2018ஆம் ஆண்டு ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று நாற்பதுக்கு, வெள்ளூரணி தங்கப்பழம் திருமண மண்டபத்தில் இரண்டாம் பந்திக்கு உட்கார்ந்திருந்த அறுபத்திரண்டு பேர், சாம்பார் முடிந்து ரசத்துக்காகக் காத்திருந்த நேரத்தில், இலையோடு காணாமல் போனார்கள். அதே நேரத்தில் மண்டபத்துக்கு எதிர்வீட்டு மாடியில், அரசு மேல்நிலைப் பள்ளியின் கணினி ஆசிரியை பூங்கோதை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குத் தான் ஓட்டிக்கொண்டிருந்த இறக்கைக்கு ஒரு விசிறி சுழலும் இரட்டை டர்போப்ராப் விமானத்தை ஒன்பதாயிரம் அடி உயரத்தில் அப்படியே நிறுத்திவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கியிருந்தார்.

விமானம் கம்ப்யூட்டருக்குள் ஓடும் விமானம். சிமுலேட்டர் என்பார்கள். மேசை மேல் ஒரு கைப்பிடி, பக்கத்தில் எஞ்சின்களின் விசையைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு நெம்புகோல்கள், மேசைக்குக் கீழே விமானத்தின் மூக்கை இடமும் வலமும் திருப்புகிற இரண்டு மிதிகள். மிதிகள் பார்சலில் வந்த அன்று பூங்கோதையின் கணவர் சிவஞானம் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “தையல் மிஷினோட மேல்பாதி எங்க?” என்று கேட்டார். அவர் கூட்டுறவு நூற்பாலையில் எழுத்தர். மனைவி சொந்தச் சம்பளத்தில் வாங்கிய எதையும் ஒரு முறை கேலி செய்துவிட்டு, பிறகு தூசி படாமல் துணி போட்டு மூடி வைக்கிற மனிதர்.

வெள்ளூரணியில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று நகராட்சிக்கும் தெரியாது. வந்தால், கையில் இருப்பது கரண்டியோ குழந்தையோ, அப்படியே வைத்துவிட்டு ஓட வேண்டும். அதனால் பூங்கோதை ஆறு வருடங்களாக விமானம் ஓட்டியும் ஒரு பயணத்தையாவது புறப்பட்டதிலிருந்து இறங்கும்வரை நிறுத்தாமல் ஓட்டியதில்லை. தண்ணீர் வரும், பால் பொங்கும், கேஸ்காரர் வருவார், தலைமையாசிரியர் போனில் கூப்பிடுவார். ஒரு விசையைத் தட்டினால் விமானம் ஆகாயத்தில் நின்றுவிடும், முகில் நின்றுவிடும், விசிறிகள் எண்ணிவிடலாம் என்பதுபோல நின்றுவிடும். திரும்பி வந்து தட்டினால் விட்ட இடத்திலிருந்து போகும். அன்று தலைவலி என்று சொல்லிக் கல்யாணத்துக்குப் போகாமல் சிவஞானத்தை மட்டும் அனுப்பியிருந்தார். தலைவலி இல்லை. தூத்துக்குடியில் ஒரு முறையாவது ஒழுங்காக இறங்க வேண்டும் என்று இருந்தார்.

அவர் குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது மண்டபத்தில் கூச்சல் கேட்டது. ரச வாளியோடு வந்த ஆள் காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்று, “எல்லாரும் எங்கல எந்திரிச்சுப் போனாங்க?” என்று கத்திக்கொண்டிருந்தார். கிணறு தேடினார்கள், பேருந்து நிலையம் தேடினார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரையும் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரையும் சந்தேகப்பட்டார்கள். பூங்கோதை தேடிக் களைத்து, விமானத்தையாவது அணைத்துவிட்டு வருவோம் என்று மாடிக்கு வந்தார். அணைப்பதற்கு முன்னால், ஏனென்று அவருக்கே தெரியாது, பயணிகள் அறையைக் காட்டும் விசையை அழுத்தினார். வழக்கமாகக் காலியாக இருக்கும் நீல இருக்கைகளில் வெள்ளூரணி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் மடக்குப் பலகை, பலகை மேல் இலை, இலையில் சோறு. ஐந்தாவது வரிசையில் சிவஞானம் ஒரு கவளத்தை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், வாயைத் திறந்து, அசையாமல் இருந்தார். மீசையில் ஒரு பருக்கை.

அரை மணி நேரத்தில் அந்த மாடியறை தாங்காத கூட்டம். மண்டப உரிமையாளர் தங்கப்பழம், யார் வீட்டு விசேஷமானாலும் முன்னால் நின்று பழகியவர், கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து, “டீச்சர், ஓட விடுங்க. பேசுறாங்களான்னு பாப்போம்” என்றார்.

பூங்கோதை விசையைத் தட்டினார். எஞ்சின் சத்தம் அறையை நிறைத்தது. சிவஞானத்தின் வாய் மூடியது, மென்றது. விமானத்தின் பின்வரிசையிலிருந்து யாரோ, “ரசம் வரட்டும்ப்பா!” என்று குரல் கொடுத்தார். பிறகுதான் ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்தார்கள்.

ஜன்னலோரத்தில் இருந்த ரிக்சன் என்கிற பத்தொன்பது வயதுப் பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, “சிவஞானம் மாமா, கீழ நம்ம கண்மாய் தெரியுது” என்றான்.

சிவஞானம் எட்டிப் பார்த்தார். இருக்கையின் துணியைத் தடவிப் பார்த்தார். “இது எங்க வீட்டுக்காரி ப்ளேன் மாதிரில்ல இருக்கு” என்றார்.

“டீச்சரா? நல்லா ஓட்டுவாங்களா?” என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.

“ஓட்டுறதெல்லாம் நல்லாத்தான் ஓட்டுவா.” சிவஞானம் இன்னொரு கவளம் உருட்டினார். “இறக்குறதுதான். நான் பாத்தவரைக்கும் ஒரு தடவையும் முழுசா இறக்கினதில்ல.”

மாடியறையில் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: நிறுத்துங்க, டீச்சர், நிறுத்துங்க. பூங்கோதை விசையைத் தட்டினார். கவளம் மறுபடி வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

அது நின்றது ஒன்றரை வருடம்.

முதல் வாரம் ஊர் அழுதது. இரண்டாம் வாரம் வரிசையில் நின்றது. பூங்கோதையின் வீட்டு வாசலிலிருந்து மாடிப்படி வழியாகக் கயிறு கட்டி, ஏற ஒரு பக்கம், இறங்க ஒரு பக்கம் என்று பிரித்து, காலையில் குடும்பத்தாருக்கும் மாலையில் வெளியூர்க்காரர்களுக்கும் என்று வைத்தார்கள். பூங்கோதை அம்புக்குறி விசையை அழுத்த அழுத்த வரிசை வரிசையாக முகங்கள் திரையில் வரும். உறவுக்காரர்கள் பார்த்து, பேசி, மூக்கைச் சிந்திக்கொண்டு இறங்குவார்கள். இலையில் சோற்றிலிருந்து ஆவி பறந்துகொண்டே நின்றது. ஆறாத சோறு என்று அதைப் பார்க்கப் பல ஊர்களிலிருந்தும் வந்தார்கள். கல்யாணப் பெண்ணின் அப்பாவும் உள்ளே இருந்ததால், அவள் முதலில் தாலிக் கயிற்றின் மஞ்சள் வாசனை போகுமுன்னே வந்து அழுதாள், பிறகு வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள், பிறகு கைக்குழந்தையைத் தூக்கித் திரைக்கு நேரே காட்டி, “தாத்தாவப் பாரு” என்றாள். ஒரு வீட்டம்மா, தன் கணவர் யார் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார் என்பதை முதல் நாளே கவனித்துவிட்டு, அதற்கப்புறம் வரவே இல்லை.

தங்கப்பழம் தலைமையில் வானூர்தி மீட்புக் குழு என்று ஒன்று அமைந்தது. பலகை எழுதியவர் இடம் போதவில்லை என்று சொன்னதால் மீட்பு என்ற சொல்லை எடுத்துவிட்டு வானூர்திக் குழு என்று எழுதினார்கள், யாரும் ஆட்சேபிக்கவில்லை. மின்வாரியத்துக்கு மனுப் போய், வெள்ளூரணிக்கு மட்டும் மாதாந்திர மின்தடை கிடையாது என்று உத்தரவு வந்தது. அதை நம்பி ஒரு ஐஸ் கம்பெனி வந்தது, இரண்டு மாவு மில் வந்தது, வெயில் காலத்தில் பக்கத்துக் கிராமத்தவர்கள் விசிறிக் காற்றுக்காக வாடகைக்கு வீடு பிடித்து வந்தார்கள். வருவாய்த் துறை கொஞ்ச நாள் திணறியது. இறந்தவர் என்று எழுத முடியாது. காணாமல் போனவர் என்றும் எழுத முடியாது, யார் வேண்டுமானாலும் போய்க் காணலாம். கடைசியில் “வெளியூர் சென்றுள்ளார்” என்று சான்று கொடுத்தார்கள். தேர்தல் வந்தபோது வாக்குச்சாவடி முகவர்கள் அறுபத்திரண்டு பெயர்களையும் வரிசையாகத் தாண்டிப் போனார்கள். தங்கப்பழம் மண்டபத்தில் மறுபடி கல்யாணங்கள் நடந்தன. முதல் பந்தி எழுந்ததும், “மூணாம் பந்திக்கு உக்காரலாம்” என்று கூப்பிட்டார்கள், வெளியூர் விருந்தாளிகள் விழித்தார்கள், உள்ளூர்க்காரர்கள் ஒன்றும் நடக்காததுபோல இலை முன் உட்கார்ந்தார்கள்.

பூங்கோதை பள்ளிக்குப் போனார், வந்தார், திரைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டார். பன்னிரண்டு வருடத் தாம்பத்தியத்தில் கணவரின் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. அந்தப் பருக்கையைத் தட்டிவிட எத்தனையோ தடவை விரல் எழுந்திருக்கிறது. அவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது: சிவஞானம் திரையில் இருப்பது ஊர் முடிவு செய்ததால், ஊர் முடிவு செய்தது அவருக்கு இறக்கத் தெரியாததால். எனவே பள்ளிக் கணினி அறையில் மதிய இடைவேளை தோறும் அதே விமானத்தை, அதே இடத்திலிருந்து, தூத்துக்குடியில் இறக்கிப் பழகினார். கடலில் விழுந்தார். உப்பளத்தில் விழுந்தார். ஓடுதளத்தைத் தாண்டி வாழைத்தோட்டத்துக்குள் போனார். விமானம் அங்கே உடைந்த ஒவ்வொரு முறையும் கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். ஒரு முறையும் நடுவில் நிறுத்தவில்லை. ஒரு கட்டத்தில் உடைவது குறைந்தது. பிறகு எப்போதாவது ஒரு முறை என்று ஆனது. அந்த எப்போதாவது அவரை விட்டுப் போகவே இல்லை.

ரிக்சனின் அம்மா மரியபுஷ்பம் பஜாரில் தையல்கடை வைத்திருந்தார். கணவர் இல்லை, ஒரே மகன். தினமும் கடை திறக்கும் முன்னால் வந்து, புதுத் துணியில் வெட்டிய ஒரு மெத்தென்ற துண்டால் திரையைத் துடைப்பார். துடைக்கும்போது மகனின் முகம் இருக்கும் இடத்தில் மட்டும் அழுத்தாமல் துடைப்பார். “இன்னைக்குப் பெரிய சட்டை ஒண்ணு வந்திருக்குல. நீ போட்டா முழங்கால் வரைக்கும் தொங்கும்” என்பது மாதிரி ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் காசிம் 2019 கோடையில் பெட்டியைத் திறக்காமலே, பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டுக் குழுவிடம் சொன்னார்: “ஃபேன் சத்தம் மாறிடுச்சு. இத்தன நாள் அணைக்காம எந்த மிஷினும் ஓடினதில்ல. அடுத்த வெயில் தாங்காது.”

“அப்படியே சேமிச்சு வேற கம்ப்யூட்டருக்கு மாத்திட்டா?” என்றார் தங்கப்பழம்.

“விமானம் வரும், அண்ணாச்சி. ஆளுங்க வருவாங்களான்னு நான் எப்படிச் சொல்றது?”

பூங்கோதை எழுந்து நின்றார். “நான் இறக்கிடறேன். இப்ப எனக்கு வரும்.”

தங்கப்பழம், “டீச்சர், வரும்னா எப்படி வரும்? பத்துக்குப் பத்து வருமா?” என்றார்.

பூங்கோதைக்குப் பொய் சொல்ல வரவில்லை. “பத்துக்கு ஒம்போது” என்றார்.

அதுவரை சுவரோரமாக நின்ற மரியபுஷ்பம் முன்னால் வந்தார். கோபப்படவில்லை. “டீச்சரம்மா, நீங்க இறக்கினா அவன் இருந்தா இருப்பான், இல்லாட்டி இல்ல. இப்ப இருக்கான்ல?”

இறக்கச் சொல்பவர்கள், வேண்டாம் என்பவர்கள் என்று ஊரில் இரண்டு கட்சி இருந்தது. மாவு மில்காரர்கள் இரண்டாம் கட்சியில் இருந்ததைச் சிலர் ஏளனமாகப் பேசினார்கள், ஆனால் மரியபுஷ்பத்தை யாரும் அப்படிப் பேச முடியவில்லை. காசிம் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஏர்கூலர் வைத்துவிட்டுப் போனார். விஷயம் தள்ளிப் போனது.

ஜூலை 29, திங்கட்கிழமை காலை, மரியபுஷ்பம் திரையைத் துடைத்துவிட்டுப் போய்க் கடையைத் திறந்து, ஒரு பள்ளிச் சீருடையின் காலரைத் தைத்துக்கொண்டிருந்தபோது மிஷின் மேலேயே சாய்ந்தார். மார்வலி என்றார்கள். மருத்துவமனைக்குத் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு அடக்கம் என்று பங்குத்தந்தை அறிவித்தார். மணப்பாட்டிலிருந்து மரியபுஷ்பத்தின் தம்பி சவரிமுத்து வந்து சேர்ந்தார். அந்தப் பங்கில் பெட்டி குழிக்குள் இறங்கியதும் முதல் பிடி மண் பிள்ளை போட வேண்டும். பிள்ளை போட்ட பிறகுதான் மற்றவர்கள். பிள்ளை ஒன்பதாயிரம் அடியில் இருந்தான்.

தங்கப்பழம், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவர், சவரிமுத்துவின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். “ஐஸ் பெட்டி நம்ம மண்டபத்துலயே இருக்கு. ரெண்டு நாள், மூணு நாள், அவசரமில்ல. இப்ப ஊர்ல ஐஸ் கம்பெனியும் இருக்கு. நிதானமா யோசிச்சு...”

சவரிமுத்து அந்தக் கையை எடுத்துவிட்டார். “எங்க அக்காவையும் நிறுத்தி வைக்கப் போறீகளா?”

வெள்ளூரணி எதையும் தள்ளிப்போடத் தெரிந்த ஊர். சவ அடக்கத்தைத் தள்ளிப்போட அதற்குத் தெரியவில்லை. குழு கூடவில்லை, தீர்மானம் எதுவும் போடவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் பூங்கோதை பள்ளியிலிருந்து வந்து மாடிப்படி ஏறியபோது, கயிறு கட்டிய இரண்டு பக்கமும் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவ்வளவுதான்.

அறைக்குள் காசிம் நின்றிருந்தார். “டீச்சர், ஒரு விஷயம். இந்த சிமுலேட்டர் வானிலையை இணையத்துல இருந்து எடுக்குதுல்ல?”

“ஆமா.”

“நீங்க நிறுத்தினது தை மாசத்துக் காத்துல. இப்ப எடுத்தா...”

ஜன்னல் கதவு அவருக்குப் பதிலாக அடித்துக்கொண்டது. வெளியே ஆடிக் காற்று தெருப்புழுதியைத் தூக்கி மண்டபத்துச் சுவரில் அறைந்துகொண்டிருந்தது. இணையத்தைத் துண்டிக்கலாமா என்று யோசித்தார்கள். துண்டித்தால் திரையில் என்ன பிழைச் செய்தி வரும், அது வந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று காசிமுக்குத் தெரியவில்லை. அப்படியே விட்டார்கள். பூங்கோதை உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தார். “யாரும் என்னோட பேசக் கூடாது” என்றார். விசையைத் தட்டினார்.

ஒரு நொடி தை மாதத்து அமைதி. மறு நொடி ஒன்றரை வருடத்துக் காற்று மொத்தமும் வந்து விமானத்தை வலப்பக்கமிருந்து அறைந்தது. இலைகள் பறந்தன, சாம்பார் பறந்தது, “ஏய் யாருல தள்ளினது?” என்று ஒரு குரல் கேட்டது, குழந்தையொன்று வீறிட்டது. பூங்கோதை பயணிகள் அறையின் காட்சியை மாற்றிவிட்டு விமானியின் கண்ணாடிக்கு வந்தார். ஆனால் சத்தத்தை அணைக்கவில்லை, அணைக்க மனம் வரவில்லை. எஞ்சின்களின் விசையைக் குறைத்தார், மூக்கைத் தாழ்த்தினார். வெள்ளூரணிக் கண்மாய் இறக்கைக்குக் கீழே நழுவிப் போனது, நான்குவழிச் சாலை நழுவிப் போனது, காற்றாலைகள் ஒவ்வொன்றும் பைத்தியம் பிடித்ததுபோலச் சுற்றிக்கொண்டு நழுவிப் போயின, மேகத்துக்குள் ஒரு முறை எல்லாம் வெளுத்து மறுபடி வெளியே வந்தபோது, தூரத்தில் உப்பளங்களின் வெள்ளைக் கட்டங்களும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன. மேற்கு நோக்கி இறங்க வேண்டியிருந்ததால் கடல் பக்கமாகப் போய் வளைந்து வந்தார். வளையும்போது காற்று விமானத்தை உள்ளே தள்ளியது, அவர் வெளியே இழுத்தார். சக்கரங்களை இறக்கினார், அவை பூட்டிக்கொண்டதற்கு அடையாளமாக மூன்று பச்சை விளக்குகள் எரிந்தன.

உள்ளே சிவஞானத்தின் குரல் கேட்டது. “எல்லாரும் இலையப் பிடிச்சுக்குங்க. இவ கொஞ்சம் வேகமாத்தான் இறக்குவா.”

“மாமா, பயமா இருக்கு மாமா.” அது ரிக்சன்.

“எனக்கும்தான். குனிஞ்சுக்கோ.”

உயரம் குறையக் குறைய இயந்திரம் ஆங்கிலத்தில் எண்களை அறிவிக்கத் தொடங்கியது. ஆயிரம் என்றது. கதவருகில் நின்றவர் திரும்பிப் படியில் நின்றவரிடம், “ஆயிரமாம்” என்றார், அவர் அடுத்த படியிடம் சொன்னார், ஆயிரமாம், ஆயிரமாம் என்று சொல் படியிறங்கித் தெருவுக்குப் போனது. தெருவில் நின்ற ஊர் ஆயிரம் என்று கேட்டபோது விமானம் எழுநூறில் இருந்தது. ஐந்நூறு என்றது. ஐந்நூறாம், ஐந்நூறாம். யாரோ ஜெபமாலை உருட்டினார்கள், யாரோ முருகனைக் கூப்பிட்டார்கள், பள்ளிவாசல் பக்கமிருந்து வந்த ஒருவர் தொப்பியைக் கையில் எடுத்து மார்போடு அழுத்திக்கொண்டார். ஓடுதளம் கண்ணாடியில் நேராக இல்லை. காற்று தென்மேற்கிலிருந்து வந்ததால் விமானத்தின் மூக்கு இடப்பக்கம் பார்த்தபடி, நண்டு நடப்பதுபோலப் பக்கவாட்டில் ஓடுதளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அது சரிதான், அப்படித்தான் வர வேண்டும். தரையைத் தொடும் முன்னால் கடைசி நொடியில் வலது மிதியை மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். நேராகாமல் தொட்டால் சக்கரம் திருகி ஒடியும். பத்தில் ஒன்றாக மிச்சமிருந்தது இந்த இடம்தான்.

இருநூறு. பூங்கோதை சரிபார்க்க வலது மிதியை லேசாக அழுத்தினார். மிதி அசையவில்லை. மறுபடி அழுத்தினார். காலுக்கடியில் ஏதோ உருண்டையாக, கல்போல.

“மிதிக்குக் கீழ என்ன இருக்கு?”

தங்கப்பழம் மேசைக்கடியை எட்டிப் பார்த்தார். “எலுமிச்சம்பழம்” என்றார். “ரெண்டு மிதிக்கும் ஒவ்வொண்ணு. வண்டி எடுக்கும்போது வைக்கிறதுதானே, டீச்சர்... ஏறி நசுக்கினா...”

“எடுங்க!”

வெள்ளூரணியில் யாருக்கும் குனிந்து பழகாத தங்கப்பழம், பட்டுக்கரை வேட்டியோடு மேசைக்கடியில் விழுந்தார். நூறு என்றது இயந்திரம். அவர் கை மிதிக்குப் பின்னால் துழாவியது, பழம் வழுக்கி இன்னும் உள்ளே போனது. ஐம்பது. ஓடுதளத்தின் வெள்ளைக் கோடுகள் திரையின் வலது மூலையில் ஓடின. உள்ளே யாரோ பெண் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். முப்பது. “வருது, வருது” என்று மேசைக்கடியிலிருந்து சத்தம் வந்தது. அப்போது நிறுத்தும் விசை பூங்கோதையின் இடது கைக்கு அருகிலேயே இருந்தது. ஒரு தட்டு, எல்லாம் நின்றுவிடும், பழத்தை நிதானமாக எடுக்கலாம், காசிமைக் கேட்கலாம், குழுவைக் கூட்டலாம். விரல் தானாக அங்கே போனது. அதை அவர் திருப்பிக் கொண்டுவந்தார். இருபது. பழம் உருண்டு வெளியே வந்தது. பூங்கோதை மிதித்தார். மூக்கு நேரானது, இடது இறக்கை தாழ்ந்தது, இடது சக்கரம் தொட்டது, துள்ளியது, மறுபடி தொட்டது, வலது சக்கரமும் தொட்டது, நெம்புகோல்களை அடிவரை இழுத்தார், விசிறிகள் எதிர்த்திசையில் இரைந்தன, ஓடுதளம் மெதுவாக, மெதுவாக, பிறகு நடையாக, பிறகு நின்றது.

அவர் பயணிகள் அறையின் விசையை அழுத்தினார். நீல இருக்கைகள் காலியாக இருந்தன.

தெருவில் ஊர் அப்போதுதான் இருபதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் எதிரே பூட்டியிருந்த மண்டபத்துக்குள்ளிருந்து ஷட்டரை யாரோ இரண்டு கைகளாலும் தட்டினார்கள். ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, மேசை நாற்காலிகளை மடக்கி அடுக்கி வைத்திருந்தார்கள். அதனால் இரண்டாம் பந்தி வெறும் தரையில் விழுந்திருந்தது. சாவி தங்கப்பழத்தின் இடுப்பில் இருந்தது. அவர் மேசைக்கடியிலிருந்து எழுந்து தெருவைக் கடப்பதற்குள் பூட்டைக் கல்லால் உடைத்துவிட்டார்கள்.

வெளியே வந்தவர்களை ஒவ்வொருவராக வீட்டார் பிடித்துக்கொண்டார்கள். சிவஞானம் இடுப்பைப் பிடித்தபடி வந்தார், மனைவியைப் பார்த்து ஏதோ சொல்லப் போனார், மனைவியின் காதோரத்துப் புது நரையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பூங்கோதை கையை நீட்டி அவர் மீசையிலிருந்த பருக்கையைத் தட்டிவிட்டார். அப்புறம் அவரைத் தாண்டி நடந்தார். ஏனெனில் ரிக்சனைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை.

அவன் வலது கை முழுக்கச் சாம்பார் சோறு, கழுவ இடம் தேடிக்கொண்டு நின்றிருந்தான். கோயிலில் சாவு மணி விட்டுவிட்டு அடித்தது.

“யாருக்கு டீச்சர்?” என்றான்.

சவரிமுத்து வந்து அவன் தோளைப் பிடித்தார். சொன்னார். ரிக்சன் சிரிக்கப் பார்த்தான். “என்ன மாமா? காலையில நான் கிளம்பும்போது மிஷின்லதான இருந்தாங்க. சட்டைக்குப் பட்டன் தச்சுக் குடுத்தாங்க.” பட்டனைத் தொட்டுக் காட்டினான். பிறகு மாமாவின் நரைத்த தாடியைப் பார்த்தான், தெருவில் தனக்குத் தெரியாத கடைகளைப் பார்த்தான், புது மாவு மில்லைப் பார்த்தான். “எத்தன நாள் நிறுத்தி வச்சிருந்தீங்க?”

“ஒன்றரை வருஷம்” என்றார் பூங்கோதை.

“அம்மா எப்ப?”

“நேத்து.”

“முந்தாநேத்து இறக்கியிருக்கக் கூடாதா டீச்சர்?”

பூங்கோதையிடம் அதற்குப் பதில் இருந்தது. ஊரிலும் எல்லாரிடமும் இருந்தது. வேண்டாம் என்று கடைசிவரை சொன்னது யார் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தங்கப்பழம் வாயைத் திறந்தார். பூங்கோதை அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

“இறக்கியிருக்கணும்” என்றார் பூங்கோதை. “எனக்குத் தைரியம் வரல.”

நான்கு மணிக்கு அடக்கம் நடந்தது. ரிக்சன் கையைக் கழுவிவிட்டு முதல் பிடி மண்ணைப் போட்டான். அந்த நாளிலிருந்து அவன் பூங்கோதையின் வீட்டு வழியாகப் போவதை விட்டுவிட்டு, பஜாருக்குக் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போனான். அவனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சிவஞானம் இரண்டு முறை கிளம்பினார். இரண்டு முறையும் மனைவி செருப்பை எடுத்து ஒளித்து வைத்தார்.

2019 நவம்பர் 2, சனிக்கிழமை, கல்லறைத் திருநாள் அன்று ரிக்சன் தன் தாயின் கல்லறைக்கு வெள்ளையடித்தான். பூங்கோதை மெழுகுவர்த்தியோடு வந்தார். காற்றில் தீக்குச்சி நிற்காததால் ரிக்சன் இரண்டு கைகளையும் குவித்து மறைத்துப் பிடித்தான். அவர் ஏற்றினார்.